ஹோர்ட்டன் சமவெளி: முழங்கால் நோவுள்ள அம்மாவோடு போகலாமா?

வணக்கம் உறவுகளே. வருகிற மாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக நுவரெலியா போகிறோம். ஒரு நாள் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்கும் ஏறிவிட ஆசை. பத்து மணிக்கு மேல் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பெரும்பாலும் பனிமூட்டம் மறைத்துவிடும் என்பதால், காலை ஆறு மணிக்கே பட்டிப்பொல வாசலில் நிற்க வேண்டும். 30 கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனால் அந்த இருட்டில், அந்த வளைவுகளில்! பழக்கமான வான் சாரதி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பெரிய யோசனை அம்மாவைப் பற்றித்தான். சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பேக்கர்ஸ் அருவிக்கு இறங்கும் இடத்தில் கல்லும் வேருமாக இருக்குமாம். சின்ன உலக முடிவு வரை மட்டும் நடந்து, வந்த வழியே திரும்பினால் அவருக்குச் சமாளிக்குமா? இல்லை, நடைபாதை தொடங்கும் ஃபார் இன் பார்வையாளர் நிலையத்தின் பக்கமே மரை பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்வதா? தனியாக விட்டால் கோபிப்பார், அது வேறு கதை.

அப்புறம் சாப்பாடு. வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள். நல்ல விஷயம்தான். இடியப்பமும் சம்பலும் எதில் கட்டிக்கொண்டு போனீர்கள்? 2,100 மீற்றர் உயரக் குளிருக்கு ஸ்வெட்டர் மட்டும் போதுமா, கையுறையும் வேண்டுமா? அண்மையில் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.