அப்பாயியின் கொழுந்துக் கூடையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக முடியுமா?

சேரம்பாடி_சிஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறேன், முதல் தடவையா இப்பதான் கேக்குறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நான் நர்ஸ். வீட்டுக்காரர், ஆறு வயசு மகளோட ஆகஸ்ட் கடைசியில மெல்பன் போறோம். குடியேறத்தான் போறோம். துணிமணி, மிக்ஸி, பாத்திரம் பத்தியெல்லாம் எனக்குக் கவலை இல்ல, அங்க போய் வாங்கிக்கலாம். என் கேள்வி ஒரு தகரப் பெட்டியையும் ஒரு கூடையையும் பத்தி.

எங்க அப்பாயி இலங்கையில தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. தோட்டத் தமிழர்ல யார் எந்த நாட்டுக்குன்னு இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு கணக்கு எழுதின 5,25,000 பேர்ல எங்க வீட்டு அஞ்சு பேரும் அடக்கம். 1973ல தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல கிடந்து, அப்புறம் நீலகிரியில பந்தலூர் பக்கம் டான்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாங்க. கூட வந்தது அந்தத் தகரப் பெட்டி. பெட்டிக்கு மேல கயித்தால கட்டிக் கொண்டு வந்தது கூடை.

கூடை மூங்கில் பிளாச்சுல பின்னினது, வாய்க்கட்டு பிரம்பு. ஒன்றரை கிலோ இருக்கும். நெத்தியில மாட்டுற கயிறு இன்னும் இருக்கு. நெத்தி படுற இடம் மட்டும் கறுத்து, தோல் மாதிரி வழவழன்னு ஆயிருக்கு. இங்க வந்த பிறகு அப்பாயி இடுப்புல படங்குத் துணி கட்டி, பையிலதான் கொழுந்து எடுத்தாங்க. கூடை ஐம்பது வருசமா அடுப்படிப் பரண்ல இருக்கு.

அப்பா அடுத்த வருசம் ஓய்வு பெறுறார். தோட்டத்துல கொடுத்த லயன் வீட்டைக் காலி பண்ணணும். தம்பி திருப்பூர்ல ஒரே ரூம்ல நாலு பேரோட இருக்கான். அப்பாயிதான் சொன்னாங்க, "நீயே கொண்டு போயிரு ஆயி, இங்க இருந்தா யாராச்சும் அடுப்புல வச்சிருவாங்க"ன்னு.

பெட்டி 36 அங்குல நீளம், 20 அகலம், 15 உயரம். வெறும் பெட்டியே 12 கிலோ. ஆஸ்திரேலியாவுல மூங்கில், மரச் சாமானெல்லாம் பிடுங்கி எரிச்சிடுவாங்கன்னு பயமுறுத்துறாங்க. நிஜமா? பெட்டியைக் கப்பல்ல போடுறதா, ஃப்ளைட்லயா? பித்தளைக் குத்துவிளக்கு ஒண்ணு, அப்பா செஞ்ச ஈட்டி மர முக்காலி ஒண்ணு, அத்தை கொடுத்த நீலகிரித் தைலம் நாலு பாட்டில், ரெண்டு கிலோ தேயிலையும் இருக்கு. இங்க ஜூன்ல இருந்து விடாத மழை, துவைச்ச துணியையே கணப்புல காட்டித்தான் காய வைக்கிறோம். இந்த ஈரத்துல எப்படிக் கட்டுறது?

பெரம்பூர்_வாசி:

தப்பா நினைக்காதீங்க. நல்லா நாலு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு கூடையை யாராவது சொந்தக்காரங்ககிட்ட கொடுத்துடுங்க. புது நாட்டுல முதல் ஆறு மாசம் வாடகை வீடு மாறிக்கிட்டே இருப்பீங்க. நான் துபாய் போனப்ப எடுத்துட்டுப் போனதுல பாதியை அங்கயே போட்டுட்டு வந்தேன்.

சேரம்பாடி_சிஸ்டர்:

அண்ணா, நீங்க சொல்றது எனக்கும் புரியுது. ஆனா கொடுக்க ஆள் இல்லாமதான் கேக்குறேன். எங்க சொந்தமெல்லாம் லயன் வீட்டுலதான் இருக்கு.

மெல்பன்_கூடலூரான்:

தங்கச்சி, நமக்கு கூடலூர். இங்க வந்து பதினோரு வருசம் ஆச்சு. மூங்கில்னாலே எரிச்சிடுவாங்கங்கறது பொய். பூச்சி, மண், மரப்பட்டை, விதை, இலைதழை இருக்கான்னுதான் பாப்பாங்க. இல்லன்னா கையில கொடுத்துடுவாங்க. இருந்தா மூணு வழி: உங்க செலவுல பூச்சி மருந்துப் புகை போடுறது, திருப்பி அனுப்புறது, இல்ல அழிக்கிறது.

என் யோசனை, கூடையைக் கப்பல்ல போடாதீங்க. அட்டைப்பெட்டியில வச்சு ஃப்ளைட்ல உங்க கூடவே செக்-இன் பண்ணுங்க. ஏன்னா கப்பல் சாமானை நீங்க இல்லாத இடத்துல பிரிச்சுப் பாப்பாங்க. ஏர்போர்ட்ல நீங்க பக்கத்துல நிப்பீங்க, இது என்ன, யாரோடதுன்னு வாயால சொல்லலாம். நீளம் அகலம் உயரம் மூணும் கூட்டினா 158 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா சாதாரண லக்கேஜ்தான். ஃப்ளைட்ல தர்ற அட்டையில தாவரப் பொருள் கேள்விக்கு கண்டிப்பா "ஆமா"ன்னு போடுங்க. சொல்லிட்டுக் கொண்டு வந்தா அபராதம் கிடையாது. மறைச்சா அபராதம், சில விசாவை ரத்தே பண்ணிடுவாங்க.

புகை விஷயத்துல நான் பட்டது ஒண்ணு. என் முதல் சரக்குல பிரம்புத் தொட்டில்ல பூச்சி ஓட்டை இருந்துச்சு. அதே பெட்டியில கம்பளி, தோல் செருப்பு, ரப்பர் பாய் எல்லாம் திணிச்சிருந்தேன். மொத்தமா மெத்தில் புரோமைடு போட்டாங்க. அந்த வாயு கம்பளி, தோல், ரப்பர்ல இருக்கற கந்தகத்தோட சேர்ந்து ஒரு நாத்தம் கிளப்பும் பாருங்க, எத்தனை வெயில்ல போட்டும் போகல. எங்க அம்மா கம்பளியைத் தூக்கித்தான் போட்டேன், இன்னிக்கும் மனசு ஆறல. சந்தேகமுள்ள சாமானை எப்பவும் தனிப் பெட்டியில கட்டுங்க.

தேயிலை கடைப் பாக்கெட், பிரிக்காததா உங்க கையில கொண்டு வாங்க, அதையும் சொல்லிடுங்க.

கோவை_கப்பல்சரக்கு:

வணக்கம் சிஸ்டர். நான் கோவையில கிளியரிங் ஆபீஸ்ல இருக்கேன். பெட்டிக்குக் கணக்கு சொல்றேன்.

உங்க பெட்டி சென்டிமீட்டர்ல 91, 51, 38. கூட்டினா 180, அதனால சாதாரண லக்கேஜா ஏத்த மாட்டாங்க. விமானச் சரக்குல மூணையும் பெருக்கி 6,000 ஆல் வகுப்பாங்க, 29 கிலோ வரும். 12 கிலோ பெட்டிக்கு 29 கிலோ காசு. கப்பல்ல எடை கணக்கில்ல, இடம்தான் கணக்கு. உங்க பெட்டி 0.18 கன மீட்டர்கூட வராது, ஆனா பல பேர் சரக்கைச் சேர்த்து ஏத்துற பங்கு கன்டெய்னர்ல குறைஞ்சது 1 கன மீட்டருக்குப் பில் போடுறதுதான் வழக்கம். அதனால பெட்டி மட்டும் அனுப்பாதீங்க, கூட அஞ்சாறு அட்டைப்பெட்டி சேருங்க, அதே காசுதான். ரேட் கேக்கும்போது மெல்பன் துறைமுகச் செலவு, அங்க நடக்கற சோதனைக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கேளுங்க. இங்க கப்பல் கூலி குறைவா சொல்லி அங்க கறக்கற கதை நிறைய.

அங்க வரி இல்லாம எடுக்க, பொருள் உங்ககிட்ட 12 மாசத்துக்கு மேல இருந்து புழங்கினதா இருக்கணும். பி534ன்னு ஒரு படிவம் நிரப்பணும். அதோட ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டியல். "வீட்டுச் சாமான்"னு ஒத்தை வரியில எழுதினா முழுசா பிரிப்பாங்க. "பித்தளை விளக்கு 1, எவர்சில்வர் தட்டு 6"ன்னு எழுதுங்க. நீங்க போய் இறங்கின பிறகு சரக்கு வர்ற மாதிரி அனுப்புங்க.

மரச்சட்டம் அடிச்சுக் கட்டித் தர்றேன்னு யாராவது சொன்னா, அந்தக் கட்டையில பூச்சி சாக சூடேத்தினதுக்கான முத்திரை இருக்கான்னு பாருங்க. மரத்தோட நடுப்பாகம் 56 டிகிரியில 30 நிமிஷம் இருந்திருக்கணும், அது உலக விதி. உங்களுக்குச் சட்டமே வேண்டாம், கனமான அட்டையே போதும்.

விளக்கு நூறு வருசத்துக்கு மேல பழசுன்னா 1972 தொல்பொருள் சட்டப்படி வெளிநாடு போகக் கூடாது. பாத்தாலே பழசாத் தெரிஞ்சா தொல்லியல் துறையில "தொல்பொருள் அல்ல"ன்னு சான்று வாங்கிடுங்க. ஈட்டி மரம் 2017ல இருந்து வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள சர்வதேசப் பட்டியல்ல இருக்கு. செஞ்சு முடிச்ச பொருளுக்கு 10 கிலோ வரை விலக்கு உண்டு, இருந்தாலும் முதல் தடவை போறவங்க அதுக்கு விளக்கம் சொல்லிட்டு நிக்க வேண்டாம்னு நினைக்கிறேன். அப்பாவே அதுல உக்காரட்டும். தைலம் தீப்பிடிக்கிற சரக்கு, பெட்டிக்குள்ள ஒரு பாட்டில்கூட வைக்காதீங்க.

பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். சோதனைக்கு உடைச்சிடுவாங்க. கயிறு போதும்.

கன்டெய்னர் வண்டி உங்க ஊருக்கு ஏறாது, வரவும் வேண்டாம். குட்டி யானை வண்டியில தார்பாய் போட்டு கோவை குடோனுக்கு இறக்குங்க. இங்க ரெண்டு நாள் திறந்து காய வச்சு, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பை போட்டுக் கட்டலாம். மலை ஈரத்தோட மூடினா ஒன்றரை மாசம் கடல்ல பூஞ்சைதான் வளரும்.

தாண்டிக்குடி_கூடைக்காரன்:

அம்மா, நான் பழனி மலையில கூடை பின்னுறவன். உங்க கூடை அம்பது வருசம் அடுப்படிப் பரண்ல புகை குடிச்சிருக்கு, அதை விடக் காவல் மூங்கிலுக்கு வேற இல்ல. ஆனாலும் பாத்துடுங்க. கறுப்புத் துணி விரிச்சு மேல கூடையைக் கவுத்து, அடியில கையால நாலு தட்டுத் தட்டுங்க. மாவு மாதிரி மஞ்சளா விழுந்தா உளு, மூங்கிலை அரிக்கிற பூச்சி. துடைச்சுட்டு பத்து நாள் அதே துணி மேல வைங்க. திரும்ப மாவு கொட்டினா பூச்சி உயிரோட இருக்கு, கொட்டலன்னா பழைய ஓட்டை.

வார்னிஷ் அடிச்சுடாதீங்க. ஓட்டை மறையும், பூச்சி சாகாது. மறைச்சு வச்ச மாதிரி ஆயிடும். தண்ணி ஊத்திக் கழுவவும் வேண்டாம், இந்த மழையில காயாது. காஞ்ச பிரஷ்ஷால பின்னல் பின்னலா தேய்ங்க.

மியூசியத்துல வேலை பாக்குற என் அக்கா மக சொன்னது: பிளாஸ்டிக் பையில காத்துப் போகாம கட்டி, மைனஸ் 18க்குக் கீழ ரெண்டு வாரம் வச்சா முட்டை வரைக்கும் செத்துப் போகும். வெளிய எடுத்ததும் பையைப் பிரிக்காதீங்க, ஒரு நாள் அப்படியே விடுங்க, இல்லன்னா கூடை வேர்க்கும்.

சேரம்பாடி_சிஸ்டர்:

எல்லாருக்கும் கோடி நன்றி. பெட்டியைத் திறந்து பாத்தேன். அடியில 1980களோட பேப்பர் விரிச்சு, அதுக்குக் கீழ வேப்பிலைச் சருகும் வசம்புத் துண்டும். அப்பாயி பூச்சிக்குன்னு போட்டது. அதுவே அங்க ஆகாதுல்ல, எல்லாத்தையும் எடுத்துட்டேன். வசம்பு வாசம் மட்டும் தகரத்துல நிக்குது. விளக்கு அப்பாயி கல்யாணத்துக்கு வாங்கினதாம், நூறு வருசம் இல்ல, இருந்தாலும் சான்றுக்கு எழுதிப் போட்டிருக்கோம். முக்காலி அப்பாகிட்டயே இருக்கட்டும்.

கறுப்புத் துணி பாத்தேன். முதல் நாள் கொஞ்சம் தூள், பத்து நாள் கழிச்சு ஒண்ணும் இல்ல. மனசு கேக்காம சுல்தான் பத்தேரியில தெரிஞ்சவங்க மீன் உறைய வைக்கிற குடோன்ல ரெண்டு வாரம் வச்சு எடுத்தோம், மூணு பை போட்டு.

சேரம்பாடி_சிஸ்டர் (செப்டம்பர்):

மெல்பன் வந்துட்டோம். கேட்டவங்களுக்காக எழுதுறேன்.

அட்டையில "ஆமா" போட்டேன். தனி வரிசையில நிக்க வச்சாங்க. ஒரு பெரியம்மா வயசு அதிகாரி, கூடையை வெளிச்சத்துல திருப்பித் திருப்பி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. கயித்தைத் தொட்டு இது எதுக்குன்னு கேட்டாங்க. நான் நெத்தியில மாட்டிக் காட்டினேன். அப்புறம் ஊசி மாதிரி இடுக்கியால பின்னலுக்குள்ள இருந்து ஒரு குச்சியை இழுத்தாங்க, அரை விரல் நீளம். கொழுந்துக் காம்பு. நான் மூணு நாள் பிரஷ் போட்டுத் தேய்ச்சும் என் கண்ணுல படல. இங்க வந்து அந்தக் கூடையில யாரும் கொழுந்து எடுக்கல, அப்ப அது தலவாக்கலைக் காம்புதான். சின்னப் பையில போட்டு ஒட்டி எடுத்துக்கிட்டு, கூடையை என் கையில கொடுத்துட்டாங்க. காம்பைக் கேக்கலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. கேக்கல. சட்டம் சட்டம்தானே. இப்ப கூடை மகளோட கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு.

பெட்டி இன்னும் வரல. கொழும்புல கப்பல் மாத்தி ஏத்தியாச்சுன்னு போன வாரம் மெயில் வந்துச்சு. அப்பாயிக்குப் போன் போட்டு, உங்க பெட்டி இப்ப கொழும்புல இருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "பூட்டு போட்டியா ஆயி?"ன்னு கேட்டாங்க. கயிறுதான் கட்டியிருக்குன்னு சொன்னேன்.