புதிய பட்ஜெட் போன்: விலை ஏறியிருக்கிறது, பயனும் ஏறியிருக்கிறதா?

தேன்சிட்டு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு பட்ஜெட் போனைப் பற்றிய கேள்வி இது. இந்த விலை வரம்பில் வரும் ஐந்தாறு மாடல்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஒன்றைப் பற்றி நீங்கள் சொல்வது மற்றவற்றுக்கும் பொருந்தும் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

என் தாயாருக்காக வாங்க வேண்டியிருக்கிறது. அவர் ஐந்து ஆண்டுகளாக ஒரே போனை வைத்திருக்கிறார். போன மாதம் அதிலிருந்த வங்கிச் செயலி, இந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் இனி இயங்காது என்று சொல்லி நின்றுவிட்டது. போனுக்கு வேறு குறையேதும் இல்லை. திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

புதிய போனின் விவரங்கள் இவை: 6.7 அங்குல எல்சிடி திரை, 720 × 1600 பிக்சல், 120 ஹெர்ட்ஸ் (திரைக்காட்சி நொடிக்கு 120 முறை மாறும்). 4 ஜிபி ராம் (செயலிகள் இயங்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), ஆனால் பெட்டியின் மேல் ‘8 ஜிபி வரை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். 64 ஜிபி சேமிப்பகம். 50 மெகாபிக்சல் கேமராவும் அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு வளையங்களும். 5,000 எம்ஏஎச் பேட்டரி. 15 வாட் சார்ஜிங், பெட்டியில் சார்ஜர் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட். இதன் முந்தைய மாடலில் திரை 90 ஹெர்ட்ஸாக இருந்தது, சார்ஜரும் கூடவே வந்தது, மற்றவை எல்லாம் இதேதான். விலை மட்டும் எட்டில் ஒரு பங்கு கூடியிருக்கிறது.

விற்பனைப் பக்கத்தில் வந்திருக்கும் கருத்துகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. இந்த விலைக்கு 120 ஹெர்ட்ஸ் திரையா என்று வியப்பவர்களும், சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு விலையையும் ஏற்றிவிட்டார்கள் என்று கொதிப்பவர்களும் அங்கே சரிபாதியாக இருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, ஓரிரு மாதம் கையில் வைத்திருந்து எழுதியவர்களின் கருத்துகளை மட்டும் தேடினேன். பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

இந்தக் கோபம் நியாயமானதுதானா? 6 ஜிபி ராமும் 128 ஜிபி சேமிப்பகமும் கொண்ட வகைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா? தாயாரின் பழைய சார்ஜரே இதற்குப் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

பழுதுநீக்குநர் எழுதியது:

வணக்கம். போன் பழுது பார்ப்பதுதான் என் தொழில் என்பதால், வாங்கும்போது மக்கள் பார்ப்பதையும், இரண்டு ஆண்டுகள் கழித்து என் மேசைக்கு வரும்போது அவர்கள் புலம்புவதையும் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வாங்கும்போது மெகாபிக்சலையும் ஹெர்ட்ஸையும் கேட்கிறார்கள். பிறகு கொண்டுவரும்போது, போனைத் தொட்டால் நகர மாட்டேன் என்கிறது, ஒரு படம் எடுப்பதற்குள் குழந்தை எழுந்து போய்விடுகிறது என்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் திரையும் கேமராவும் கெட்டுப்போய்விடவில்லை. சேமிப்பகம் நிரம்பியிருக்கிறது, அந்தச் சேமிப்பகச் சில்லு முதலிலிருந்தே மெதுவானது.

நீங்கள் கொடுத்த பட்டியலில் அந்தச் சில்லின் வகை இல்லை. விலை குறைந்த போன்களில் இரண்டு வகைகளைக் காணலாம். ஒன்று இஎம்எம்சி 5.1, மற்றொன்று யுஎஃப்எஸ் 2.2. முதலாவதன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. இரண்டாவதற்கு அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இவை ஏட்டுக் கணக்கு. கையில் கிடைப்பது இரண்டிலுமே இதைவிடக் குறைவு. வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இஎம்எம்சி ஒரு நேரத்தில் ஒன்று படிக்கும், அல்லது எழுதும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. பின்னணியில் பத்துச் செயலிகள் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் தாயார் தொலைபேசி எண்ணைத் தேடினால், போன் உறைந்து நிற்பது இதனால்தான். யுஎஃப்எஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். அது இருந்தால் நிறுவனம் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளும். விவரப் பட்டியல் மௌனமாக இருந்தால் இஎம்எம்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

‘8 ஜிபி வரை’ என்பதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கூடுதல் 4 ஜிபி ராமே அல்ல. சேமிப்பகத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி, ராமில் இடம் போதாதபோது அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். புழங்கும் சாமானைப் பரணில் ஏற்றிவைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஏணி போட்டு இறக்குவது போன்றது அது. அதிலும் அந்தப் பரண் இஎம்எம்சியாக இருந்தால் ஏணி இன்னும் நீளம். 64 ஜிபியில் இயங்குதளமும் உடன்வரும் செயலிகளும் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சத்தில் இன்னொரு 4 ஜிபியும் போய்விடுகிறது. ஓயாமல் எழுதி அழிப்பதால் சில்லின் தேய்மானமும் கூடுகிறது. வாங்கியதும் அமைப்புகளில் போய் அந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், 128 ஜிபி வகையையே வாங்குங்கள் என்பதுதான். சில மாடல்களில் சேமிப்பக அளவுக்கேற்பச் சில்லின் இனமும் மாறும் என்பதால், எதைத் தேர்ந்தாலும் அந்தக் குறிப்பிட்ட வகையின் விவரத்தைத் தனியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளிச்சக்கீற்று எழுதியது:

மேலே எழுதியவரின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் திரையில் பிக்சல் குறைவு என்ற கவலை உங்கள் தாயாரைப் பொறுத்தவரை தேவையற்றது. இதே அமைப்புள்ள ஒரு போனை நான் ஏழு மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். 6.7 அங்குலத்தில் 720 × 1600 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 262 பிக்சல். 1080 × 2400 என்றால் 393. நுணுக்கமான எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படிப்பவருக்கு வேறுபாடு தெரியும். எழுத்தைப் பெரிதாக்கி, கையை நீட்டிப் பிடித்துப் படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. தவிர, ப்ராசசர் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் குறைவு என்பதால் பேட்டரி இரண்டு நாள் தாங்குகிறது. இந்த வகைப் போன்களில் யாருமே குறை சொல்லாதது அது ஒன்றுதான்.

120 ஹெர்ட்ஸுக்காக விலையை ஏற்றியிருந்தால் அது வீண். நொடிக்கு 120 முறை திரை மாற வேண்டுமானால், ஒவ்வொரு காட்சியையும் 8.3 மில்லி நொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் அதற்கு இரு மடங்கு நேரம் உண்டு. இந்த விலையில் வரும் ப்ராசசர் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இடையிடையே தடுக்கும்போது, ஒரே சீரான 60 ஹெர்ட்ஸைவிட அது கண்ணை உறுத்துகிறது. நான் 60-இல் வைத்துவிட்டேன்.

கேமராவைப் பொறுத்தவரை, 50 மெகாபிக்சல் என்பது வழக்கமான படத்தில் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சலாகத்தான் வெளிவரும். பகல் வெளிச்சத்தில் படம் நன்றாகவே இருக்கிறது. பக்கத்து வளையங்களில் ஒன்று என் போனில் 2 மெகாபிக்சல், மற்றொன்று வெறும் அலங்காரம்.

எனக்கு உண்மையிலேயே வேதனை தந்தது எந்த விவரப் பட்டியலிலும் விமர்சனத்திலும் நான் காணாத ஒன்று. போனைக் காதில் வைத்தால் திரை அணைய வேண்டும் அல்லவா? அதற்கென்று ஒரு சிறிய உணரி இருக்க வேண்டிய இடத்தில், சில மலிவு போன்களில் அதை விட்டுவிட்டு, ஒலி அலைகளையும் மென்பொருளையும் கொண்டு ஊகித்துக்கொள்கிறார்கள். என் போன் அந்த வகை. பேச்சின் நடுவே திரை விழித்துக்கொள்ளும். கன்னம் பட்டு ‘மியூட்’ அழுந்திவிடும். மருத்துவமனையிலிருந்த என் அண்ணன் பரிசோதனை முடிவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் கேட்ட கேள்வி எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. லைன் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று நினைத்து அவர் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன், இரண்டாவது முறையும் அதுவே நடந்தது. ஒலிபெருக்கியை இயக்கி, போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்டேன். அன்றிலிருந்து 120 ஹெர்ட்ஸ் என்று யாராவது பெருமை பேசினால், காதில் வைத்தால் திரை அணைகிறதா என்று முதலில் கேட்கிறேன்.

உங்கள் தாயார் முதன்மையாகப் பேசுவதற்குத்தான் வாங்குகிறார் என்றால், கடையில் இருக்கும் மாதிரிப் போனிலிருந்து ஓர் அழைப்பு செய்து, இரண்டு மூன்று நிமிடம் காதில் வைத்துப் பேசிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கோபம் நியாயமா என்ற கேள்வியை இதுவரை யாரும் தொடவில்லை. பாதி நியாயம் என்பது என் எண்ணம்.

விலை ஏறியதற்கு ஒரு மெய்யான காரணம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதால், தயாரிப்பாளர்கள் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம், சேமிப்பகம் இரண்டின் விலையும் கடுமையாக உயர்ந்தது. உயர்விலை போன் ஒன்றின் உற்பத்திச் செலவில் நினைவகம் பல பாகங்களில் ஒன்றுதான். மலிவு போனில் அதன் பங்கு பெரிது. லாபமோ மிகக் குறைவு. ஆகவே அடி முதலில் விழுவது இங்கேதான். பழைய விலையிலேயே விற்க வேண்டுமென்றால் 4 ஜிபியை 3 ஜிபியாக்கியிருப்பார்கள். அது இதைவிட மோசமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்தக் காரணம் சார்ஜரை எடுத்ததற்கும், அப்டேட்டை இரண்டு ஆண்டோடு நிறுத்தியதற்கும் பொருந்தாது. என் கோபம் முழுவதும் இந்த இரண்டாவதன் மீதுதான். தேன்சிட்டு எழுதியதை மீண்டும் படியுங்கள்: தாயாரின் போன் கெட்டுப்போகவில்லை, திரையில் கீறல்கூட இல்லை, மென்பொருள் பழையதாகிவிட்டது என்பதற்காகவே தூக்கிப்போட வேண்டிய நிலை. அதே குழியில் மீண்டும் விழுவதற்கு எட்டில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

நீண்ட கால அப்டேட் மலிவு போனுக்கு இயலாத காரியம் என்று சொல்வதை இனி ஏற்கத் தேவையில்லை. 2024-இல் வெளியான சாம்சங் கேலக்ஸி ஏ16 மாடலுக்கு ஆறு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் அறிவித்தார்கள். அது விலை உயர்ந்த போன் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கும் விதியின்படி, ஒரு மாடலின் விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும். 800 முறை சார்ஜ் செய்த பிறகும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டையாவது தாங்க வேண்டும். அங்கே விற்பதற்காக இதைச் செய்ய முடிகிற நிறுவனம், மற்ற இடங்களில் முடியாது என்று சொல்வதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

நான் போன் வாங்கும்போது விலையை அப்டேட் கிடைக்கும் ஆண்டுகளால் வகுத்துவிடுவேன். ஆறு ஆண்டு அப்டேட் உள்ள போன் ஒன்றரை மடங்கு விலை என்றாலும், ஆண்டுக்கு ஆகும் செலவு நீங்கள் குறிப்பிட்ட போனில் பாதிதான். ஒரு கூடுதல் எச்சரிக்கை: அந்த இரண்டு ஆண்டு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதாக நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் மாடல் வெளியான நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். தள்ளுபடி வரட்டும் என்று ஓராண்டு காத்திருந்து வாங்குபவருக்கு மிஞ்சுவது ஓராண்டுதான்.

தேன்சிட்டு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று தாயாரையே அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். மாதிரிப் போனில் என் எண்ணுக்கு அழைத்து, காதில் வைத்துப் பேசச் சொன்னேன். ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும், திரை எரிந்தது. கன்னம் பட்டு எண்பலகை திறந்துகொண்டது. அதன் ஓசை காதில் விழுந்ததும் அவர் போனை எடுத்துப் பார்த்து, நான்தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டேன் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். அதைக் கேட்டதும் அந்த மாடலை வாங்கும் எண்ணம் எனக்குப் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை சொன்னபடி வகுத்துப் பார்த்து, ஆறு ஆண்டு அப்டேட் உள்ள வேறொரு போனை, 128 ஜிபி வகையில், தேர்ந்திருக்கிறேன். காதருகே திரை அணைகிறதா என்று அதிலும் சோதித்துவிட்டோம், அணைகிறது. விலை நான் ஒதுக்கியிருந்ததைவிடக் கூடுதல்தான் என்பதால், அடுத்த மாதம் வாங்குகிறேன். அதிலும் சார்ஜர் இல்லை. பழைய போனின் சார்ஜரில் ‘5 வோல்ட், 2 ஆம்பியர்’ என்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பேட்டரிக்குக் கேடு வருமா?

பழுதுநீக்குநர் எழுதியது:

கேடு எதுவும் இல்லை. எவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்வது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது. சார்ஜர் அதைத் திணிப்பதில்லை. உங்களுடையது 10 வாட் சார்ஜர். 5,000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல் இருக்கும். வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்தால், முழுவதும் நிரம்ப மூன்று மணி நேரம் வரை ஆகலாம். மெதுவாக ஏறுவதால் சூடும் குறைவு. பேட்டரிக்கு அது நல்லதே.

ஐந்து ஆண்டுப் பழைய போன் என்பதால் உங்கள் கேபிளின் முனை மைக்ரோ யுஎஸ்பியாக இருக்கக்கூடும். புதிய போனுக்கு டைப்-சி முனை வேண்டும். பெட்டியில் கேபிள் வருகிறதா, அதன் மறுமுனை உங்கள் சார்ஜரின் துளையில் பொருந்துகிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். முனையில் நிறைய மாற்றிகளைச் செருகிச் சமாளிக்க வேண்டாம். அவை தளர்ந்து ஆடி, போனின் சார்ஜிங் துளையைக் கெடுத்து என் மேசைக்கு வருபவை ஏராளம்.