மாஸ்டர் ஷெட்யூல் ஒரு பக்கம், தினசரி வேலை ஒரு பக்கம்: எப்படி இணைக்கிறீர்கள்?

வணக்கம். ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில் பிளானிங் பார்க்கிறேன். 18 மாதத்துக்கான மாஸ்டர் ஷெட்யூல், அதாவது மொத்த வேலைக்கான கால அட்டவணை, பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளில் இருக்கிறது, ஆனால் சைட்டில் ஃபோர்மேன்கள் வாட்ஸ்அப்பில் பேசி முடிவு செய்வதுதான் அன்றைய திட்டம். போன வாரம் ஸ்லாபுக்கு (கான்கிரீட் தளம்) கீழ்க்கம்பி கட்டி முடித்தும் எலக்ட்ரீஷியன் கான்ட்யூட் (வயர் போகும் குழாய்) போட வரவில்லை, மேல்கம்பி கட்ட வேண்டியவர்கள் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், ஷெட்யூலிலோ இதெல்லாம் சேர்த்து 'ஸ்லாப்' என்று ஒரே வரி. மனசு ஆறவில்லை.

லாஸ்ட் பிளானர் முறைப்படி (சைட்டில் வேலையை நேரடியாக நடத்துபவர்களே சேர்ந்து திட்டம் போடும் முறை), வரும் ஆறு வார வேலைகளுக்கு என்ன தடை என்று முன்கூட்டியே பார்த்து, வாராவாரம் ஒப்புக்கொண்டதில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கணக்கிடலாம் என்றிருக்கிறேன். சரி, அப்புறம் அந்த மாற்றங்களை மாஸ்டரில் ஏற்றுவது யார், வாரமா மாதமா? சப் கான்ட்ராக்டர்களைக் கூட்டத்துக்கு எப்படி வரவழைத்தீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.