டிசம்பர் 31 இரவு சாட்சி சொல்ல உதவுங்கள்

அன்பானவர்களே, ஸ்தோத்திரம். வருடக் கடைசி ஆராதனையில் ஐந்து நிமிடம் நன்றிச் சாட்சி சொல்லும்படி போதகர் ஐயா கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

இந்த ஆடி மாதம் அப்பா கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். ஒவ்வொரு வருடமும் மூங்கில் சிம்பு கட்டி, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, வாசலில் நட்சத்திரம் தொங்கவிடுவது அப்பாதான். நேற்று பரணில் இருந்து அதை இறக்கினேன். தாள் கிழிந்திருக்கிறது, முடிச்சுகள் மட்டும் இறுக்கமாக அப்படியே இருக்கின்றன. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "புதுத்தாள் ஒட்டுப்பா" என்றார்கள்.

வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசி சொன்ன வசனம் (ஆபகூக் 3:17, 18) மனதில் ஓடுகிறது. அத்திமரம் துளிர்க்கவில்லை, தொழுவத்தில் மாடில்லை, ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். அந்த 'ஆனாலும்' எனக்கு இன்னும் முழுதாக வாயில் வரவில்லை. வராததை வந்ததுபோல் சபையில் சொல்ல மனமில்லை.

ஆகவே, துக்கம் நடந்த வருடத்தில் சாட்சி சொன்னவர்கள் யாராவது இருந்தால், எதைச் சொன்னீர்கள், எந்த வசனம் தாங்கியது என்று எழுதுங்கள். அம்மா முன் வரிசையில் இருப்பார்கள். அவர்களை உடையச் செய்யாமல் அப்பாவைப் பற்றிப் பேசுவது எப்படி? அப்புறம், கண்ணாடித்தாள் சுருங்காமல் ஒட்டத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.