அப்பாவுக்கு ட்ரெட்மில்: 4 எச்பி வேணுமா, மொட்டை மாடியே போதுமா?

வேளச்சேரி வெங்கி:
அப்பாவுக்கு 66 வயசு, 88 கிலோ, சர்க்கரை இருக்கு. தெருவுல நடக்கப் போனா நாய்த் தொல்லை. ஐப்பசி, கார்த்திகைல எங்க ஏரியா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். டிஎம்டி (ட்ரெட்மில்ல நடக்க விட்டு இதயத்தைப் பார்க்குற டெஸ்ட்) எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் தாராளமா நடக்கலாம்னுட்டார். மூணாவது மாடி ஃப்ளாட், வீட்ல 4 வயசுப் பொண்ணு உண்டு. பட்ஜெட் 40,000. ஆன்லைன்ல '4 எச்பி பீக்'னு 22,000க்கே ஒண்ணு கண்ணுல பட்டுது. எடுக்கலாமா?

மொட்டைமாடி:
எடுக்காதீங்க. மாடி இருக்கு, காத்து இருக்கு, காலைல எட்டு வடிவத்துல நடை போடச் சொல்லுங்க. என் தம்பி வாங்கின மெஷின் மேல இப்போ மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியும் பழைய பேப்பரும்தான் நடை பழகுது.

கோடம்பாக்கம் கோடர்:
இதுக்கு எதுக்கு 40,000? வாக்கிங் பேட்னு தட்டையான சின்ன ட்ரெட்மில் பாதி விலைக்குக் கிடைக்குது. வேலை முடிஞ்சா கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். நான் மீட்டிங்ல பேசிக்கிட்டே நடக்குறேன். ஹாலை அடைக்கிற ராட்சச மெஷின் ஃப்ளாட்டுக்குத் தேவையே இல்ல.

ரோலர் அண்ணாச்சி:
நான் சர்வீஸ் லைன்ல இருக்கேன், எனக்கு எந்த கம்பெனியும் கமிஷன் தரல. வெங்கி தம்பி, அந்த 4 எச்பியை மறந்துருங்க. பீக்குன்னா மோட்டார் ஒரு கணம் முக்கித் தள்ளுற சக்தி. கேட்க வேண்டியது கண்டினியூயஸ் எச்பி, அதாவது மோட்டார் விடாம தொடர்ந்து தர்ற சக்தி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு எச்பி 746 வாட், நாலுன்னா கிட்டத்தட்ட 3,000 வாட். அந்த மெஷினோட வர்ற ப்ளக்கைப் பாருங்க. ஃபேனுக்குப் போடுற சின்ன 6 ஆம்பியர் பின்னா இருந்தா, 230 வோல்ட்ல அது 1,380 வாட்தான் தாங்கும். மிச்ச எச்பி எங்கிருந்து வரும், விளம்பரத்துல இருந்தா?

இன்னொண்ணு. மெதுவா நடக்குறவருக்குச் சின்ன மோட்டார் போதும்னு கடையில சொல்லுவான். பாதிதான் உண்மை. எடை கூடினவர் மெதுவா நடந்தா மோட்டார் குறைஞ்ச சுத்துல அதிக கரன்ட் இழுக்கும். அதைக் குளிர வைக்கிற ஃபேன் அதே ஷாஃப்ட்ல இருக்கிறதால அதுவும் மெதுவாத்தான் சுத்தும், சூடு ஏறும். 88 கிலோவுக்கு 2 எச்பி கண்டினியூயஸ், 120 கிலோ தாங்குற மாடல் பாருங்க. கால் வைக்கிற பெல்ட்டோட அகலம் 42 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஓடுறவங்களுக்குத்தான் 50 வேணும்.

மொட்டைமாடி:
அண்ணாச்சி, நீங்க சொன்னதுலயே என் பாயின்ட் இருக்கு. சூடு, கரன்ட், பெல்ட்... நடக்கிறதுக்கு இவ்வளவு கவலை எதுக்கு? மாடிக்கு சர்வீஸ்காரன் வேணுமா?

சுகந்தி பிசியோ:
மாடிக்கு வேண்டாம். ஆனா மாடியில கைப்பிடி கிடையாது. வெங்கி, அப்பாவுக்குப் பாதம் மரத்துப் போற மாதிரி இருக்கான்னு முதல்ல கேளுங்க. பல வருஷச் சர்க்கரையில உள்ளங்கால் உணர்ச்சி குறையும். அப்படி இருக்கிறவங்க எட்டு போடும்போது ஒவ்வொரு வளைவுலயும் உடம்பு சாயும், தடுமாற வாய்ப்பு அதிகம். மத்தியான வெயில் காஞ்ச தரையில வெறுங்கால்ல நடந்தா கொப்புளம் போட்டதே தெரியாது. இதே காரணத்துக்காக வாக்கிங் பேடும் வேண்டாம்னுதான் சொல்வேன். கோடர் தம்பி, உங்க வயசு வேற. முன்னால ஒரு கம்பி மட்டும் இருந்தாலும் அவருக்குப் பத்தாது, ரெண்டு பக்கமும் பிடி வேணும். ஷூ போடாம ஏற விடாதீங்க. தடுமாறினா மெஷினை நிறுத்துற சேஃப்டி கிளிப்பைச் சட்டையில மாட்டணும், மெஷின்லயே தொங்க விட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல.

கோடம்பாக்கம் கோடர்:
மேடம், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா அது நடையா? உடம்பு எடையில பாதி கம்பியில போயிரும்.

சுகந்தி பிசியோ:
சாய்ஞ்சு தொங்கினா நீங்க சொல்றது சரி. விரல் நுனி மட்டும் பட்டா போதும், அது சமநிலைக்கு. மூச்சு வாங்கணும்னா வேகத்தை ஏத்தாம சரிவை ஏத்தலாம். டிஎம்டில அவர் பார்த்திருப்பார், வழக்கமான புரூஸ் முறையில முதல் கட்டமே 10 சதவீதச் சரிவு. வேகம் மணிக்கு 2.7 கி.மீ.தான், அதுக்கே நிறைய பேருக்கு வியர்க்கும். வீட்ல 2, 3 சதவீதம் போதும். முட்டி வலி இருந்தா சமதளமே நல்லது.

வேளச்சேரி வெங்கி:
பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு எப்பவோ சொன்னாருங்க. டாக்டர்கிட்ட கேட்கிறேன். மோட்டார் இல்லாத மேனுவல் மாடல் பத்தி யாரும் சொல்லலையே?

ரோலர் அண்ணாச்சி:
வேண்டவே வேண்டாம். மலிவு மேனுவல்ல பெல்ட்டைக் காலால தள்ளணும். அதுக்காகவே சரிவா வச்சிருப்பான். கம்பியை இறுக்கிப் பிடிச்சுத் தள்ளித் தள்ளி முட்டி போயிரும்.

கீழ்வீடு:
நான் ரெண்டாவது மாடியில குடியிருக்கிறவ. மேல ஒருத்தர் விடிகாலை அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா எங்க சீலிங் ஃபேனே அதிருது. இதைப் பத்தி ஒருத்தர்கூட எழுதலையே!

ரோலர் அண்ணாச்சி:
நியாயம்மா. கனமான ரப்பர் மேட் போடணும். தூண், பீம் பக்கமா வச்சா அதிர்வு குறையும், ரூம் நடுவுல வைக்கக் கூடாது. நடைக்கு அவ்வளவா சத்தம் வராது, ஓட்டத்துக்குத்தான் அதிரும். பெல்ட்டுக்கு அடியில காய்ஞ்சு போனாலும் இரைச்சல் வரும். பெல்ட்டைத் தூக்கி உள்ள கையை விட்டுத் தடவினா விரல்ல லேசா எண்ணெய்ப் பசை ஒட்டணும். ஒட்டலைன்னா சிலிகான் எண்ணெய் விடணும். தேங்காய் எண்ணெய் விட்டுட்டு என்னைக் கூப்பிடுறவங்க இருக்காங்க! காய்ஞ்ச பெல்ட்டோட ஓட்டினா கடைசியில மோட்டாரை இயக்குற கன்ட்ரோலர் போர்டுதான் எரியும், அந்தச் செலவுதான் பெருசு. வாங்குறப்போ அந்த போர்டு சென்னைல ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க, எச்பியை விட அது முக்கியம்.

குழந்தை இருக்குன்னீங்களே, மெஷினோட பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீங்க. 2021ல அமெரிக்காவுல பெலோட்டன் கம்பெனி 'ட்ரெட் பிளஸ்' மாடல்ல சுமார் 1,25,000 மெஷினைத் திரும்பப் பெற்றது. பின்பக்கத்துல சின்னப் பிள்ளைங்க உள்ள இழுபட்டு, ஒரு குழந்தை இறந்தே போச்சு. நடை முடிஞ்சதும் சேஃப்டி கீயைக் கழட்டி பீரோவுல வச்சுருங்க.

மொட்டைமாடி:
மேட், ஆம்பியர் கணக்கு, எண்ணெய், பீரோ சாவி. சரிதான். கைப்பிடிதான் பிரச்சினைன்னா பார்க்குல நாலு பேரோட நடக்கட்டுமே. பேச்சுத் துணையும் கிடைக்கும், நாய் வந்தாலும் நாலு பேர் இருப்பாங்க. மெஷின்ல தனியா எவ்வளவு நாள் நடப்பாரு?

வேளச்சேரி வெங்கி:
அதுவும் மனசுல ஓடுது சார். அதனால முதல்ல மாச வாடகைக்கு ஒண்ணு எடுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன். மழை ஓயுற வரைக்கும் மெஷின், தை பொறந்ததும் பார்க்கு. அண்ணாச்சி, வாடகை மெஷின்ல என்ன பார்க்கணும்?

ரோலர் அண்ணாச்சி:
கொண்டு வர்ற ஆளை அனுப்புறதுக்கு முன்னாடி அப்பாவையே ஏத்தி கால் மணி நேரம் நடக்க விடுங்க. பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்குதான்னு பாருங்க. இடப்பக்கம் போனா பின்னாடி இடப்பக்க போல்ட்டை எல்-கீயால கால் சுத்து முறுக்கினாப் போதும், அதுக்கு மேல கை வைக்காதீங்க. கருகின வாடை வந்தா அப்படியே திருப்பி அனுப்பிருங்க. அதுக்கும் முன்னாடி லிஃப்ட் கதவை டேப் வச்சு அளந்துக்கங்க, மூணு மாடி படியில தூக்குறதுக்குத் தனிக் கூலி கேப்பாங்க.