முன்பள்ளியில் ஹாலோவீன்: மூன்று வயதுப் பிள்ளைக்கு இது தேவையா?

மார்க்கம் அம்மா:
என் மகளுக்கு மூன்றரை வயது. இங்கே கனடாவில் ஒக்டோபர் 31 அன்று பேய் வேடங்களோடு கொண்டாடும் ஹாலோவீனுக்காக, சென்ற ஒக்டோபரில் அவள் போகும் முன்பள்ளியின் வாசலில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்ததும் கைகளை ஆட்டிச் சிரிக்கும் எலும்புக்கூடு ஒன்றை மாட்டியிருந்தார்கள். முதல் நாள் அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் காரை விட்டு இறங்க மறுத்தாள். அதற்குப் பிறகு இரவில் எழுந்து அழத் தொடங்கினாள். ஆசிரியைகளிடம் சொன்னபோது, அது பொம்மைதான் என்று வீட்டில் விளக்குங்கள், பழகிவிடுவாள் என்றார்கள். மாதக் கடைசியில் அவள் கொண்டுவந்த கைவேலையோ, வகுப்பிலுள்ள 16 பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் வெட்டிக் கொடுக்கப்பட்ட வெள்ளைக் காகிதப் பேய். கண்களையும் வாயையும் ஒட்டியது பெரியவரின் கை என்பது பார்த்த உடனேயே தெரிந்தது. "இதில் நீ செய்தது எது?" என்று கேட்டேன். பின்பக்கத்தைத் திருப்பி, காய்ந்துபோன ஒரு பசைக் கறையைக் காட்டினாள். பயத்தைக் கொடுத்து, செய்து பார்க்கும் மகிழ்ச்சியைக்கூடக் கொடுக்காத இந்தக் கொண்டாட்டத்தை ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முன்பள்ளிகள் நடத்தவே கூடாது என்பது என் கருத்து.

ஸ்காபரோ அப்பா:
உங்கள் மகளின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் நிறுத்திவிட வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. எங்கள் மகனை நான்கு வயதில், இது நம்முடையதல்ல என்று சொல்லி, ஒக்டோபர் 31 அன்று வீட்டிலேயே வைத்திருந்தோம். மறுநாள் வகுப்பு முழுவதும் யார் என்ன வேடம் போட்டார்கள் என்பதைப் பற்றியே பேசியிருக்கிறது, அவன் மாலையில் வந்து, "என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒன்ராறியோ அரசு 2014இல் வெளியிட்ட ஆரம்பக் கல்வி வழிகாட்டி, தான் கூறும் நான்கு அடிப்படைகளில் 'நானும் இந்த இடத்தைச் சேர்ந்தவன்' என்ற உணர்வை முதலாவதாக வைத்திருக்கிறது. ஒரே மாதிரியான கைவேலையும் வீண் அல்ல. சொன்ன வரிசையில் மடிப்பது, கோட்டின் மேல் கத்தரிப்பது, தொடங்கியதை முடிப்பது ஆகியவற்றையும் பிள்ளை எங்காவது பழக வேண்டும். அவன் செய்த கறுப்பு வௌவால் அப்பம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் இன்றும் ஒட்டியிருக்கிறது.

முன்பள்ளி ஆசிரியை:
இந்தத் தொழிலில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் இருவருடனும் ஓரளவு முரண்படுகிறேன்.

முதலில் பயத்தைப் பற்றி. "அது பொம்மைதான்" என்ற விளக்கம் மூன்று வயதில் போதாது. 1969இல் றீட்டா டெவ்ரீஸ் என்ற ஆய்வாளர், மேனார்ட் என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளிடம் தடவிப் பார்க்கக் கொடுத்தார். பிறகு அதன் முன்பக்கத்தை மறைத்து, வால் கண்ணுக்குத் தெரியும்படியே வைத்து, முகத்தில் ஒரு நாயின் முகமூடியை மாட்டினார். ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பூனை நாயாக மாறாது என்றார்கள். மூன்று வயதினரில் பலரோ அது உண்மையாகவே நாயாகிவிட்டது என்று நம்பினார்கள். தோற்றம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது என்று எண்ணும் வயது அது. ஆகவே அந்த எலும்புக்கூட்டை அன்றே கழற்றியிருக்க வேண்டும். என் வகுப்பில் முகமூடியைக் குச்சியில் ஒட்டிக் கொடுக்கிறோம். பிள்ளை அதைத் தானே கண்ணாடியின் முன் உயர்த்தி, இறக்கி, மறைந்த முகம் தன் முகம்தான் என்று பத்துத் தடவை உறுதி செய்துகொள்கிறது. முகத்தை மூடிக் கட்டும் முகமூடியைப் பெரியவர்களுக்கும் அனுமதிப்பதில்லை.

அடுத்தது அந்தக் காகிதப் பேய். ஒன்ராறியோவில் இந்த வயதில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர் என்பது விதி. சுவரில் மாட்ட ஏதாவது வேண்டும் என்ற அவசரத்தில் பெரியவரின் கை முந்திவிடுகிறது, அது பிழை. ஆனால் ஹாலோவீன் தரும் மிக நல்ல பொருள் பூசணிக்காய், அதற்கு எந்த அச்சும் தேவையில்லை. முதலில் அதை ஒரு தொட்டித் தண்ணீரில் போடுவோம். இவ்வளவு பாரமானது தாழ்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மிதக்கும்போது வகுப்பே எழுந்து நின்றுவிடும். அடுத்த நாள் மேற்பக்கத்தை நான் வெட்டிக் கொடுப்பேன். சென்ற வருடம் ஒரு பையன் உள்ளே கையை விட மறுத்து, இரண்டு விரல்களால் ஒரு நாரை மட்டும் இழுத்துப் பார்த்து, உடனே சட்டையில் துடைத்தான். பிறகு கரண்டி கேட்டான். முக்கால் மணி நேரம் கழித்து முழங்கை வரை ஈரமாக, வழுக்கும் விதைகளைப் பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டிருந்தான். இன்னொரு காயில், கோல்ஃப் பந்தைத் தாங்கும் சிறு மரக்குச்சிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கச் சொல்வோம். ஓங்கி அடித்தால் குச்சி சாய்கிறது, மெல்ல அடித்தால் இறங்குவதில்லை. கையின் பலத்தை அளந்து பயன்படுத்த அதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

மார்க்கம் அம்மா:
நீங்கள் சொல்வதைப் படிக்கும்போது என் மகள் உங்கள் வகுப்பில் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. கனடாவில் ஒக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலும் நாள். அதற்கும் பூசணிக்காய்தான். மிதப்பதையும் விதை எண்ணுவதையும் அறுவடைக் காலத்தின் பெயரால் செய்துவிட்டுப் போகலாமே. பேய்க்கும் எலும்புக்கூட்டுக்கும் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

ஸ்காபரோ அப்பா:
தெருவில் அவை இருக்கின்றனவே அக்கா. அன்று மாலை எங்கள் தெருவில் ஒன்று விட்டு ஒரு வீட்டு வாசலில் சிலந்தி வலை தொங்கும். தெரிந்த ஆசிரியையின் மடியில் அமர்ந்து, கறுப்புத் தாளைத் தானே கிழித்து ஒட்டிச் சிலந்தி செய்த பிள்ளை, வாசலில் காணும் சிலந்தியையும் யாரோ செய்ததாகவே பார்க்கும். பெயரை மறைத்துவிட்டால் அந்த ஆயத்தம் கிடைக்காது. கையசைக்கும் இயந்திரப் பொம்மை வேண்டாம் என்பதில் உங்களுடன் நிற்கிறேன்.

அம்மம்மா:
பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவள் நான். இரண்டு வயதும் நான்கு வயதும். பேய் இருக்கலாமா என்பதை விட, கைவேலையில் ஒட்டி அனுப்பும் சாமான்கள்தான் எனக்குக் கவலை. பெரியவன் கொண்டுவந்த சிலந்தியிலிருந்து பிளாஸ்டிக் கண் ஒன்று கழன்றுவிட, அதைச் சின்னவளின் வாயில் இருந்து எடுத்தேன். பூசணிக்குள் வைக்கும் பற்றரி விளக்கும் அப்படித்தான், மூடி இலேசாகத் திறந்துவிடுகிறது. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தபோது, காலையில் எண்ணெய் வைத்துத் தலை முழுகி, பின்னேரம் உப்பும் கோதுமை மாவும் குழைத்துப் பிள்ளைகளுடன் அகல் செய்தோம். அதே மாவில் பெரியவன் தானாகவே ஒரு பூசணிக்காயும் உருட்டினான்.

முன்பள்ளி ஆசிரியை:
அம்மம்மா சொன்னதை எல்லா முன்பள்ளிகளும் கேட்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டோரின் விளையாட்டுப் பொருட்களில், 31.7 மில்லிமீற்றர் அகலமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கும் சிறு பாகம் இருக்கக் கூடாது. அந்தக் கண்கள் அதற்குள் தாராளமாக அடங்கும். கைவேலை வீட்டுக்குப் போகிறது, வீட்டில் தங்கை இருக்கிறாள். பொத்தான் பற்றரி அதைவிடக் கொடியது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கண்ணை மையால் வரையச் சொல்லுங்கள். விளக்குத் தேவையென்றால் பற்றரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டதை மட்டும் வாங்குங்கள்.

மார்க்கம் அம்மா:
பெயரைப் பற்றிய என் கருத்து மாறவில்லை, தம்பி. இருந்தாலும் நேற்றே முன்பள்ளிக்கு எழுதிவிட்டேன்: வாசலில் அசையும் பொம்மை வேண்டாம், வெட்டி ஒட்டிய பேய்க்குப் பதிலாக ஒரு முழுப் பூசணிக்காயை நானே வாங்கித் தருகிறேன் என்று. ஆசிரியை அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். விதை எடுத்து முடித்த காயை என்ன செய்வீர்கள்? மகள் எதையும் எறிய விடமாட்டாள்.

முன்பள்ளி ஆசிரியை:
எறிய வேண்டாம். ஒரு துண்டை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூடியை நாடாவால் ஒட்டி, அவளுடைய கண் மட்டத்தில் வையுங்கள். சில நாட்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும், பிறகு கறுக்கும், துண்டு தளர்ந்து தண்ணீராக இறங்கும். வாரம் ஒரு தடவை அவளையே வரையச் சொல்லுங்கள். மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.