தோடம்பழ மாலையில் பூஞ்சணம், எங்கே பிழை விட்டேன்?

குசினி யன்னல்:
வணக்கம். நத்தாருக்கென்று தோடம்பழங்களை வட்டமாக வெட்டி ஓவனில் உலர்த்தினேன். இடையிடையே கறுவாப்பட்டை வைத்துச் சணல் கயிற்றில் கட்டி, குசினி யன்னலில் மாலையாகத் தொங்கவிட்டேன். வெயில் பட்டபோது அவ்வளவு வடிவு. ஆறாம் நாள் பார்த்தால் துண்டுகள் துவண்டு, தொட்டால் கையில் ஒட்டுகின்றன. இரண்டில் பச்சைப் பூஞ்சணம்.

ஓவன் 200 பாகை பாரன்ஹீட். நாலு மணித்தியாலம் வைத்து, இடையில் மூன்று தடவை புரட்டியும் போட்டேன். நாங்கள் இருப்பது ரொறொன்ரோ. மகளின் வகுப்புக்கு 25 துண்டு செய்து தருவதாக வேறு வாய் விட்டுவிட்டேன். உதவுங்கள்.

கறுவாத் தோட்டம்:
என்ன தடிப்பில் வெட்டினீர்கள்?

குசினி யன்னல்:
அளக்கவில்லை அக்கா. ஒரு பக்கம் மெல்லிசு, மறுபக்கம் தடிப்பு. என் கத்தி அப்படி.

கறுவாத் தோட்டம்:
அப்போ பாதிக் காரணம் அதுதான். 5, 6 மில்லிமீற்றரில் ஒரே சீராக வெட்ட வேண்டும். வெட்டியதும் பேப்பர் ரவலால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். தட்டில் பரப்பாமல் கம்பி வலையில் அடுக்கினால் கீழேயும் காற்றுப் போகும். ஓவனில் விசிறி இருந்தால் போடுங்கள். நேரத்தை நம்பாதீர்கள், பழத்தைப் பாருங்கள். சூட்டோடு தொட்டால் எல்லாமே மென்மையாகத்தான் இருக்கும். ஒன்றை வெளியே எடுத்து ஆறவிட்டு, தோலுக்கு உட்பக்கத்து வெள்ளைச் சதையை அழுத்திப் பாருங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் சீனி கருகி மண்ணிறமாகிவிடும்.

மினுக்கம்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? வானிஷ் ஸ்பிறே அடித்துவிடுங்கள், ஈரம் உள்ளே போகாது.

கறுவாத் தோட்டம்:
தம்பி, உள்ளே இருக்கிற ஈரம் வெளியேயும் போகாதே! அரைகுறையாகக் காய்ந்ததை மூடினால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தால் பிழையில்லை.

பனிக்காலத்து அண்ணை:
எல்லோரும் ஓவனையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தங்கச்சி, அந்த யன்னலுக்குக் கிட்ட ரைஸ்குக்கரோ கேத்திலோ இருக்கிறதா? காலையில் கண்ணாடியில் தண்ணீர் வடிகிறதா?

குசினி யன்னல்:
இரண்டும் அதற்குக் கீழேதான் அண்ணை! காலையில் கண்ணாடியைத் துணியால் துடைப்பேன்.

பனிக்காலத்து அண்ணை:
பிடிபட்டது. வெளியே உறைகிற குளிர், கண்ணாடி சில்லென்று இருக்கும். சோற்று ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிறது. பழச்சீனி ஈரத்தைச் சும்மாவே இழுக்கும். கண்ணாடியில் சாய்ந்து கிடந்தால் கேட்கவா வேண்டும். இந்த ஊரில் ஹீற்றர் ஓடும் மாதங்களில் வீட்டின் மற்ற அறைகள் நன்றாக வறண்டிருக்கும், உதடு வெடிப்பதே அதனால்தானே. மாலையை விறாந்தைக்கோ புத்தக அலுமாரிக்கோ மாற்றுங்கள். மெழுகுதிரிக்கும் சூடாகிற மின்குமிழுக்கும் கிட்ட மட்டும் வேண்டாம்.

பூஞ்சணம் வந்த இரண்டையும், அவற்றோடு ஒட்டிக் கிடந்தவற்றையும் எறியுங்கள். கழுவிப் பார்க்காதீர்கள். மிச்சத்தை அவிழ்த்து, ஓவன் அனுமதிக்கிற ஆகக் குறைந்த சூட்டில், என்னுடையதில் 170, ஒரு மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். வகுப்புக்குக் கொடுப்பதைப் புதிதாகச் செய்யுங்கள். செய்து ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வருமே, அந்த சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு மூடி வையுங்கள். பிள்ளைகள் சாப்பிடும் பொருளென்று நினைக்காதபடி சொல்லிக் கொடுங்கள்.

குசினி யன்னல்:
நன்றி அண்ணை. அப்பிளும் சேர்த்துச் செய்யலாமா? போன முறை கறுத்துப் போனது.

கறுவாத் தோட்டம்:
வெட்டிய கையோடு தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு, ஒற்றி எடுத்து உலர்த்துங்கள். முழு வெள்ளையாக இராது, ஆனால் கறுக்காது.

குசினி யன்னல்:
பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். இந்த முறை ஐந்தரை மணித்தியாலம் எடுத்தது. புது மாலை புத்தக அலுமாரியில், தட்டினால் அப்பளம் மாதிரிச் சத்தம். வகுப்புக்கு 25ம் போய்விட்டன. யன்னலில் இப்போது கறுவாப்பட்டை மட்டும் தொங்குகிறது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஊறுகாய்க்கு வெட்டினதை ஏன் பிள்ளை அலுமாரியில தொங்க விட்டிருக்கிறாய்?" என்றார்.